ஒயிட் டிப் என்றால் எந்த ஒயிட் டிப்?

எல்ஃபின்ஸ்டோன் பாறையில் நாங்கள் மேலேற ஆரம்பித்தபோது என் சிலிண்டரில் 80 பார் அழுத்தத்துக்குக் காற்று மீதி இருந்தது. தம்பியிடம் 40தான். தம்பி என்றால் கூடப் பிறந்தவன் இல்லை. துபாயில் என்னோடு ஒரே ஆபீசில் வேலை பார்க்கும் நாகர்கோவில் பையன். டைவிங் கற்றுக்கொள்ள அவனை அழைத்துப் போனதே நான்தான். அன்று நடந்ததில் என் தவறும் உண்டு என்பதால் இதை மறைக்காமல் எழுதுகிறேன்.

நவம்பர் மாதம். எகிப்தின் செங்கடலில், மார்சா ஆலமுக்கு வடக்கே, கரையை விட்டு நன்றாகத் தள்ளி நிற்கும் நீளமான ஒல்லிப் பாறை அது. இரண்டு பக்கமும் சுவர் போல நேராக இறங்கும், கீழே பார்த்தால் தரை தெரியாது, நீலம் மட்டும்தான். காலையில் படகுத் தட்டில் எங்கள் கைடு வெள்ளைப் பலகையில் பாறையை வரைந்து விளக்கினார். "இந்த மாதத்தில் ஓஷியானிக் ஒயிட் டிப் சுறா வரும். மேற்பரப்பில் சும்மா மிதக்காதீர்கள்" என்று இரண்டு முறை சொன்னார். நான் கேமராவின் ரப்பர் வளையத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன். தம்பி பக்கத்தில் வந்து, "அண்ணா, ஒயிட் டிப்னா போன வருஷம் மாலத்தீவுல குகைக்குள்ள படுத்துக் கிடந்துச்சே, அதுதானே?" என்று கேட்டான். கேள்வி முழுசாகக் காதில் விழாமலே "ம்" என்றேன்.

அந்த ஒரு "ம்"தான் சிக்கல். மாலத்தீவில் நாங்கள் பார்த்தது ஒயிட் டிப் ரீஃப் சுறா. ஒன்றரை மீட்டர் நீளம், ஒல்லி உடம்பு, பகலெல்லாம் பாறை இடுக்கில் படுத்திருக்கும். நாம் கிட்டப் போனால் எழுந்து வேறு இடம் தேடிப் போய்விடும். செங்கடலில் கைடு சொன்ன ஓஷியானிக் ஒயிட் டிப் வேறு மீன். டைவர்கள் அதை லாங்கிமனஸ் என்பார்கள், நீண்ட கை என்று பொருள். நடுக்கடலில் இரை அரிதாகத்தான் கிடைக்கும். அதனால் எதிரே எது வந்தாலும் அது தின்னக்கூடியதா என்று போய்ப் பார்க்காமல் விடாத சுறா இது. பெயரில் பாதியும் அந்தப் பெயருக்குக் காரணமான வெள்ளைத் துடுப்பு நுனியும் தவிர, பழக்கத்தில் இரண்டுக்கும் ஒற்றுமை கிடையாது.

டைவ் முடியும் நேரத்தில் 5 மீட்டர் ஆழத்தில் மூன்று நிமிடம் நின்று வர வேண்டும். காற்று குறைகிறதே என்ற பதற்றத்தில் தம்பி ஒரு நிமிடத்திலேயே மேலே போய்விட்டான். மிதவை ஜாக்கெட்டில் காற்றை நிரப்பிக்கொண்டு, பாறையிலிருந்து பதினைந்து இருபது மீட்டர் தள்ளி, ரப்பர் படகுக்காகக் கையை ஆட்டிக்கொண்டே காலை உதைத்துக்கொண்டிருந்தான். கீழேயிருந்து பார்த்தால் அவன் காலில் மாட்டியிருந்த ஃபின், அதாவது ரப்பர் துடுப்பு, இரண்டும் வெளிச்சத்தில் படபடவென்று அடிப்பது மட்டும்தான் தெரிந்தது.

அப்போது அது வந்தது. ஆழத்திலிருந்து வரவில்லை. நீர்ப்பரப்புக்கு ஓரிரு மீட்டர் கீழே, வெயில் கோடு போட்ட இடத்தில், அவசரமே இல்லாமல் வந்தது. வெண்கல நிற உடம்பு. விமானத்தின் இறக்கை போல விரித்து வைத்த மார்புத் துடுப்புகள். துடுப்பு நுனிகள் கூராக இல்லை, வட்டமாக, சுண்ணாம்பில் தோய்த்தெடுத்தது போல வெள்ளையாக இருந்தன. மூக்குக்கு முன்னால் கோடு போட்ட பைலட் மீன்கள் நாலைந்து. தம்பியின் காலுக்குக் கீழே ஒரு சுற்று, பிறகு இன்னும் சின்னதாக ஒரு சுற்று. அவன் குனிந்து பார்த்தான். பயப்படவில்லை. பயப்பட வேண்டும் என்று அவனுக்குத் தெரியாது. கேமராவை நீட்டிக் கீழே இறக்கினான். மூன்றாவது சுற்றில் அது மூக்கால் அவன் ஃபினை இடித்தது.

கைடு என்னைப் பார்த்து ஒரே ஒரு சைகை காட்டினார், "என் பின்னால் வா". நேராக மேலே போகாமல் பாறையை ஒட்டியே ஏறி, அங்கிருந்து தம்பியிடம் போனார். அவன் சிலிண்டர் வால்வைப் பிடித்து, உடம்பை நிமிர்த்தி, முகத்தைத் தண்ணீருக்குள் வைக்கச் சொன்னார். மூவரும் முதுகோடு முதுகு சேர்த்து நின்றோம். சுறா எந்தப் பக்கம் போனாலும் யாராவது ஒருவர் அதன் கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு தடவை கை நீட்டினால் தொடும் தூரம் வந்தபோது கைடு தன் மிதவைக் கயிறு சுற்றிய ரீலை நீட்டி அதன் மூக்கை மெல்ல ஒதுக்கினார். அடிக்கவில்லை. அது திரும்பியது, மறுபடி வந்தது, ஆனால் கொஞ்சம் தள்ளி. ரப்பர் படகு வந்ததும் முதலில் தம்பி, பிறகு நான், கடைசியில் அவர். ஏறும் வரை கீழே பார்த்துக்கொண்டே இருந்தோம்.

கடி இல்லை, ரத்தம் இல்லை. ஃபினின் ரப்பரில் உப்புத்தாளால் தேய்த்தது போல ஒரு சிராய்ப்பு மட்டும். சுறாவின் தோல் அப்படித்தான் இருக்கும்.

அதற்கப்புறம் டைவிங் தெரியாத நண்பர்கள் "எந்தச் சுறா ஆபத்து?" என்று கேட்கும்போதெல்லாம், பெயரைச் சொல்வதற்கு முன் "நீங்கள் தண்ணீரில் எங்கே இருப்பீர்கள்?" என்று திருப்பிக் கேட்கிறேன். செங்கடலையே எடுத்துக்கொள்ளுங்கள். 2009இல் செயின்ட் ஜான்ஸ் பாறைகளில் லாங்கிமனஸ் கடித்து இறந்தவர் ஸ்நார்க்கல் என்னும் மூச்சுக்குழாய் போட்டு மேலே மிதந்துகொண்டிருந்த பிரெஞ்சுப் பெண். 2010 கடைசியில் ஷர்ம் எல் ஷேக்கில் ஒரு வாரத்துக்குள் நான்கு பேருக்குக் காயம், ஒரு ஜெர்மன் பெண் மரணம். கடிபட்டவர்கள் நீந்தியவர்களும் ஸ்நார்க்கல் செய்தவர்களும்தான். 2022இல் ஹுர்காடா பக்கம் இறந்த இரண்டு பெண்களும், 2023இல் அதே ஹுர்காடாவில் புலிச் சுறாவால் இறந்த ரஷ்யரும் நீந்திக்கொண்டிருந்தவர்கள். நான் சொன்ன இந்த நாலு சம்பவங்களிலும் சிலிண்டரோடு பாறையோரம் ஆழத்தில் இருந்தவர் ஒருவர்கூட இல்லை.

அதற்குக் காரணம் இருக்கிறது. லாங்கிமனஸ் நீர்ப்பரப்பை ஒட்டி இரை தேடும் சுறா. மேலே படபடவென்று அடிக்கும் கால் அதற்கு அடிபட்ட மீன். பாறையோரம் நிதானமாக மூச்சுவிட்டு, குமிழி விட்டுக்கொண்டு, அதையே பார்த்துக்கொண்டிருக்கும் உருவம் அதற்கு ஒரு கேள்வி. கேள்விக்கு விடை தெரியாதவரை பெரும்பாலும் கடிக்காது, சுற்றும். ஆகவே இந்தச் சுறா இருக்கும் இடத்தில் டைவின் கடைசி ஐந்து நிமிடம்தான் கவனிக்க வேண்டிய நேரம். 80 பாருக்குக் குறையும் முன்பே மேலேறத் தொடங்குங்கள். மூன்று நிமிட நிறுத்தத்தைப் பாறைச் சுவரை ஒட்டிச் செய்யுங்கள், பாறையை விட்டு விலகித் திறந்த நீலத்தில் செய்யாதீர்கள். படகு பக்கத்தில் வந்த பிறகே தலையை வெளியே எடுங்கள். ஏணியிலோ ரப்பர் படகிலோ ஒவ்வொருவராக ஏறுங்கள், காத்திருப்பவர்கள் முகத்தைத் தண்ணீருக்குள் வைத்திருக்கட்டும். மஞ்சள், வெள்ளை ஃபின்களை நான் நிறுத்திவிட்டேன். சுறாவுக்கு நிறம் எவ்வளவு தெரியுமோ எனக்குத் தெரியாது, ஆனால் இருண்ட தண்ணீரில் பளிச்சென்று அடிக்கும் பொருள் நன்றாகத் தெரியும்.

2010 சம்பவத்தை ஆராய்ந்த நிபுணர்கள் சொன்ன காரணங்களை வாசித்தபோது மனசு கஷ்டப்பட்டது. கால்நடைக் கப்பலிலிருந்து கடலில் வீசிய செத்த ஆடுகள், அளவுக்கு மீறிய மீன்பிடி, சுற்றுலாப் பயணிகளுக்காக மீனுக்குத் தீனி போட்டது. மனிதனைத் தீனியோடு சேர்த்து நினைக்க அந்தச் சுறாவுக்குக் கற்றுக்கொடுத்தது நாம். அதே லாங்கிமனஸ் இன்று உலக அளவில் அழிவின் விளிம்பில் இருக்கிறது. துடுப்புக்காகப் பிடித்தே தீர்த்துவிட்டோம்.

ஆபத்துக் கேள்விக்கு என் முதல் பதில் லாங்கிமனஸ் என்றால், இரண்டாவது புலிச் சுறா. தம்பியும் நானும் அடுத்த வருடம் மாலத்தீவின் தென்கோடியில், பூமத்திய ரேகையைத் தாண்டியிருக்கும் ஃபுவாமுலாத் தீவுக்குப் போனோம். அங்கே துறைமுக வாயில் பக்கம் மீனவர்கள் சூரை மீனின் தலையும் குடலும் கொட்டிக்கொட்டி, புலிச் சுறாக்களுக்கு அது பழகிய இடமாகிவிட்டது. உடம்புக் கோடுகளைப் படம் பிடித்து 200க்கும் மேற்பட்ட சுறாக்களைத் தனித்தனியாக அடையாளம் கண்டிருக்கிறார்கள். ஒரே டைவில் ஏழெட்டு பார்த்தோம். சதுரமான மொட்டை மூக்கு, பெரிய கருப்புக் கண், பஸ் திரும்புவது போலத் திரும்பும் கனம். வயதானவற்றுக்குக் கோடு மங்கிவிடுகிறது.

லாங்கிமனஸ் முகத்துக்கு நேரே வந்து கேட்கும். புலிச் சுறா அப்படி இல்லை, நாம் பார்க்காத பக்கமாக வரும். வரிசையில் பாறையோரம் இருந்தபோது கேமராப் பட்டை சிக்கிக்கொண்டு நான் குனிந்தேன், பத்து நொடிகூட இருக்காது. கைடு குழாயால் சிலிண்டரைத் தட்டிய சத்தம் கேட்டு நிமிர்ந்தால் வலது தோளுக்கு ஒரு மீட்டரில் ஒரு மூக்கு. நான் திரும்பி நேராகப் பார்த்ததும் அது வளைந்து போய்விட்டது. "அது கோபமாக வரவில்லை, நீ பார்க்கவில்லை என்பதால் வந்தது" என்று படகில் கைடு சொன்னார். அங்கே போகிறவர்களுக்கு நான் சொல்வது: இருக்கும் இடத்தை விட்டு எழும்பாதீர்கள், கையை ஆட்டாதீர்கள், தலையைச் சுழற்றிப் பின்பக்கத்தையும் பார்த்துக்கொண்டே இருங்கள். கிட்ட வந்தால் அதன் தலை உச்சியில் கை வைத்துத் திருப்பிவிடுவதைக் காணொளியில் பார்த்திருப்பீர்கள். அது பல வருடம் அந்தச் சுறாக்களோடு பழகிய கைடின் வேலை, நம் வேலை இல்லை. இன்னொன்று. தீனி வைத்து வரவழைக்கும் டைவ் சரியா என்று எனக்கு இன்னும் மனம் ஒப்பவில்லை. ஒரு முறை போனேன், மறுபடி போகவில்லை. ஆனால் 2010இலேயே சுறா பிடிப்பதை மாலத்தீவு தடை செய்ததும், உயிரோடு இருக்கும் சுறா அந்தத் தீவுக்கு வருமானம் தருவதும் நல்லதுதான் என்பதையும் சொல்ல வேண்டும்.

மூன்றாவது புல் ஷார்க், காளைச் சுறா என்று சொல்லலாம். ஆபீஸ் வேலையாக மெக்சிகோ போனபோது ப்ளாயா டெல் கார்மெனில் ஒரே ஒரு டைவில் பார்த்தேன். நவம்பரிலிருந்து மார்ச் வரை சினையான பெண் சுறாக்கள் அந்தக் கரைக்கு வருகின்றன. தெளிந்த தண்ணீர், மணல் தரை, கைடு பக்கத்தில். அங்கே பயமே தோன்றவில்லை. பயம் கலங்கல் தண்ணீரில்தான். இந்தச் சுறா உப்பு நீர், நல்ல நீர் இரண்டிலும் வாழும். அமெரிக்காவில் மிசிசிப்பி ஆற்றில் கடலிலிருந்து வெகுதூரம் உள்ளே, இல்லினாய் மாநிலத்தின் ஆல்டன் வரை 1937இல் ஒன்று போயிருக்கிறது. முகத்துவாரம், மழைக்குப் பிந்தைய செம்மண் தண்ணீர், அந்தி நேரம், இந்த மூன்றும் சேரும் இடத்தில் நான் இறங்குவதே இல்லை. தடித்த உடம்பு, குட்டை மூக்கு, சின்னக் கண் என்று அடையாளம் எழுதலாம், ஆனால் கலங்கலில் அதைப் பார்க்கவே முடியாது என்பதுதான் விஷயம்.

வெள்ளைச் சுறாவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. நம்மில் பெரும்பாலோர் டைவ் செய்யும் வெப்பக் கடலில் அதைப் பார்க்கும் வாய்ப்பு மிகக் குறைவு, பார்க்கப் போகிறவர்கள் கூண்டுக்குள் இருந்து பார்க்கிறார்கள்.

சின்னச் சுறாக்களில் ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். கிரே ரீஃப் சுறா. மாலத்தீவின் கால்வாய்களில், நீரோட்டம் உள்ளே வரும் முனையில், கூட்டமாக நிற்கும். இரண்டு மீட்டருக்குள்தான் இருக்கும், நம்மைக் கண்டால் விலகும். ஆனால் அதன் வழியை அடைத்தாலோ துரத்தினாலோ ஒரு எச்சரிக்கை காட்டும். முதுகை வில்லாக வளைக்கும், மூக்கைத் தூக்கும், மார்புத் துடுப்பைக் கீழே இறக்கும், உடம்பு முழுக்க இடமும் வலமும் ஆட்டி விறைப்பாக நீந்தும். 1970களின் தொடக்கத்தில் பசிபிக் தீவுகளில் ஆராய்ச்சியாளர்கள் இதைத் துல்லியமாகப் பதிவு செய்தார்கள். இதைப் பார்த்த பிறகும் ஃப்ளாஷ் அடித்துக்கொண்டு கிட்டப் போனால் மின்னல் வேகத்தில் ஒரு கடி கடித்துவிட்டுப் போய்விடும். நான் ஒரு முறை பார்த்திருக்கிறேன். படமெடுக்க இரண்டு பேர் இரண்டு பக்கமும் நெருங்கியதில் சுவருக்கும் அவர்களுக்கும் நடுவே ஒன்று மாட்டிக்கொண்டது. நான் டார்ச்சை ஆட்டி அவர்களை நிறுத்தினேன். அவர்கள் பின்வாங்கியதும் அதன் முதுகு நேரானது. டைவில் இறங்கும் எல்லோரும் இந்த வளைந்த முதுகை மனப்பாடமாகத் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்பேன். தெரு நாயின் உறுமலைப் புரிந்துகொள்கிறோமே, அதே போல்தான் இதுவும்.

நர்ஸ் சுறா தரையில் சோம்பலாகக் கிடக்கும். வாலைப் பிடித்து இழுக்கிறவர்களையும் மேலே கை வைக்கிறவர்களையும் கடிக்கும், கடித்தால் எளிதில் விடாது. தப்பு கை வைத்தவருடையது. கொம்பன் சுறா, அதாவது ஹேமர்ஹெட், நம் குமிழிச் சத்தத்துக்கே ஓடும். திமிங்கலச் சுறாவிடம் வாலடி படாமல் தள்ளி நின்றால் போதும். உண்மையைச் சொன்னால், இத்தனை வருட டைவிங்கில் என்னைக் கடித்த ஒரே மீன் டைட்டன் ட்ரிகர். முட்டையிட்ட குழிக்கு மேலே போய்விட்டேன், கெண்டைக்காலில் தையல் போட வேண்டி வந்தது. தன் குழியிலிருந்து மேல்நோக்கி விரியும் கூம்பு மாதிரியான இடம் முழுக்கத் தன்னுடையது என்று அது நினைக்கும். அதனால் மேலே தப்பிக்கப் பார்க்காமல் பக்கவாட்டில் நீந்தி விலக வேண்டும்.

எண்ணிக்கை கேட்பவர்களுக்கு: 2024இல் உலகம் முழுக்க, மனிதர் சீண்டாமலே சுறா கடித்த சம்பவங்கள் 47, அதில் இறந்தவர்கள் 4 என்று ஃப்ளோரிடா அருங்காட்சியகத்தின் பதிவேடு சொல்கிறது. பெரும்பாலோர் அலைச்சறுக்கு செய்தவர்களும் நீந்தியவர்களும். ஈட்டியால் மீன் குத்துபவர்கள் கணக்கு வேறு. ரத்தம் வழியும் மீனை இடுப்பில் கட்டிக்கொண்டு நீந்தினால் எந்தச் சுறாவும் வரும். அப்படி ஒருவர் இருக்கும் தண்ணீரில் நான் இறங்க மாட்டேன்.

நம் மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்தவர்களுக்கு இந்த விஷயம் நம்மைவிட நன்றாகத் தெரிந்திருக்கும் என்று அடிக்கடி நினைத்துக்கொள்வேன். சுறாவின் வாயைக் கட்ட மந்திரம் சொல்பவரைக் கடல்கட்டி என்பார்கள். அவர் இல்லாமல் தோணியிலிருந்து இறங்க மாட்டார்கள். மீனைக் கட்டும் மந்திரக்காரர்களுக்கு முத்தில் இருபதில் ஒரு பங்கு கொடுத்ததாக மார்கோ போலோவே எழுதியிருக்கிறார். பின்னால் இலங்கையை ஆண்ட ஆங்கிலேய அரசும் கடல்கட்டிக்குச் சம்பளம் கொடுத்து வைத்திருந்தது. மந்திரம் சுறாவைக் கட்டியதோ இல்லையோ, குளிப்பவரின் படபடப்பைக் கட்டியிருக்கும். பதறாதவன் காலை உதைப்பதில்லை. தண்ணீரில் அதற்கு இருக்கும் மதிப்பை எல்ஃபின்ஸ்டோனில் என் கண்ணால் பார்த்தேன்.

பயணம் பதிவு செய்வதற்கு முன் நான் இப்போது கேட்கும் கேள்விகளையும் சொல்லிவிடுகிறேன். படகில் ஆக்சிஜன் இருக்கிறதா, ரத்தத்தை நிறுத்தக் கட்டும் டூர்னிக்கே இருக்கிறதா, அதைக் கட்டத் தெரிந்தவர் யார், கரைக்கு எத்தனை மணி நேரம். சுறாக் கடியில் உயிர் போவது பெரும்பாலும் ரத்த இழப்பால். ஒரு படகில் இந்தக் கேள்விக்குச் சிரித்தார்கள், முன்பணத்தை விட்டுவிட்டு வேறு படகு பார்த்தேன். பிரதர்ஸ், டீடலஸ் மாதிரித் தூரத்துப் பாறைகளுக்கு எகிப்தில் குறைந்தது 50 டைவ் கேட்கிறார்கள். தம்பியிடம் அப்போது 60 இருந்தது. எண்ணிக்கை இருந்தது, அந்த ஒரு பெயரின் வித்தியாசம் தெரியவில்லை. ஆகவே இறங்கும் முன் கைடு விளக்கும்போது ஒரு பெயர் புரியாவிட்டால் எல்லோர் முன்னாலும் கையைத் தூக்கிக் கேளுங்கள். பக்கத்தில் இருப்பவரிடம் கேட்காதீர்கள், அவர் கேமரா துடைத்துக்கொண்டிருப்பார்.

அன்று மதியம் தம்பி இறங்க மாட்டான் என்றுதான் நினைத்தேன். சாப்பிட்டுவிட்டு வந்து, "அண்ணா, அந்தச் சுறாவோட படம் இருந்தா காட்டுங்க" என்றான். துடுப்பு நுனி, வட்டம், பைலட் மீன், எல்லாவற்றையும் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தான். மூன்று மணிக்கு இறங்கினோம். 100 பாரிலேயே அவன் எனக்குச் சைகை காட்டினான். பாறைச் சுவரை முதுகில் வைத்து 5 மீட்டரில் நின்றோம். இரண்டாவது நிமிடத்தில் அது வந்தது, காலையில் வந்ததேதானா தெரியாது. தம்பி கையை மார்போடு கட்டிக்கொண்டு அதன் கண்ணையே பார்த்தான். நாலு மீட்டர் வரை வந்தது, பைலட் மீன்கள் முதலில் திரும்பின, பின்னால் அது திரும்பியது. படகின் இன்ஜின் சத்தம் தலைக்கு மேலே கேட்டதும் முதலில் நான் ஏறினேன். அவன் கீழே பார்த்துக்கொண்டே, தன் முறைக்குக் காத்திருந்தான்.